ஸ்காட் ஸ்லோன்: மண் எப்போது உடையும் என்பதற்கே வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜியோடெக்னிக்கல் (மண், அஸ்திவாரம் பற்றிய பொறியியல்) படிக்கிற பிள்ளைகளிடம் பேசும்போது ஸ்லோன் என்ற பெயரைச் சொன்னால், ஒன்று "அவர் யார்?" என்று கேட்பார்கள், இல்லையென்றால் "அந்த முக்கோண அல்காரிதம் எழுதியவர்தானே?" என்பார்கள். இரண்டாவது கேள்வி சரிதான், ஆனால் அது அவர் செய்த வேலையின் ஒரு ஓரம் மட்டுமே. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

சுருக்கமாக, ஸ்காட் ஸ்லோன் யார்?

ஆஸ்திரேலியர், 1954இல் பிறந்தவர். மோனாஷ் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தார், இங்கிலாந்துக்குப் போய் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார், 1980களின் நடுவில் நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2019 ஏப்ரல் 23 அன்று, 64 வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். (இங்கிலாந்து நியூகாசிலுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது சிட்னிக்கு வடக்கே இருக்கும் நிலக்கரித் துறைமுக ஊர்.) கேம்பிரிட்ஜ் முடித்த ஒருவர் பெரிய தலைநகரப் பல்கலைக்கழகம் எதற்கும் நகராமல் ஒரு துறைமுக ஊரிலேயே உட்கார்ந்து, கணினிவழி மண் இயக்கவியல் என்றால் உலகம் முழுவதும் அந்த ஊரைத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு குழுவைக் கட்டினார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

மண்ணுக்குக் கணினி எதற்கு? அந்தக் காலத்தில் கையால்தானே கணக்குப் போட்டார்கள்?

போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். தாங்குசுவரைத் தள்ளும் மண்ணின் விசைக்கு கூலோம் 1770களிலேயே கணக்கு கொடுத்துவிட்டார், ரேங்கின் 1857இல் இன்னொன்று கொடுத்தார், சரிவு வட்டவடிவில் வழுக்கும் என்று வைத்துக்கொண்டு பிஷப் 1955இல் எழுதிய முறையை இன்றும் எல்லா ஆபீஸிலும் ஓட்டுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், இவற்றில் பலவற்றிலும் மண் எந்த வடிவில் உடையும் என்பதை நாம் முன்கூட்டியே ஊகித்துச் சொல்ல வேண்டும். ஒரே சீரான களிமண்ணில் அந்த ஊகம் பெரிதாகத் தப்பாது. மேலே களிமண், நடுவே மணல், கீழே பாறை, பக்கத்தில் ஒரு சுரங்கம், அதற்கு மேல் ஒரு கட்டடம் என்று வந்தால், எந்த வடிவத்தை ஊகிப்பது? அங்கேதான் உடையும் வழியைக் கணக்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை வருகிறது. கிளஃபும் உட்வர்டும் 1967இல் ஒரு மண் கரையை ஃபைனைட் எலிமென்ட் முறையில் (பொருளை முக்கோணம் போன்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஆராய்ந்தது இந்தப் பாதையின் ஆரம்பங்களில் ஒன்று. ஸ்லோன் படிக்க வரும்போது முறை தயாராக இருந்தது, ஆனால் உடையும் பாரத்தைக் கேட்டால் அது நம்பும்படியான எண் தரவில்லை.

ஏன் தரவில்லை? அவருடைய கேம்பிரிட்ஜ் ஆய்வு அதைப் பற்றியதா?

ஆமாம், அதையேதான் எடுத்துக்கொண்டார். நீர் நிறைந்த களிமண்ணின் மேல் வேகமாகப் பாரம் ஏற்றினால் தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்காது. அதனால் மண்ணின் வடிவம் மாறலாம், கன அளவு மாற முடியாது. கணினிக்குள் இதைச் சொல்வதென்றால், ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் பல புள்ளிகளில் "இங்கே கன அளவு மாறக் கூடாது" என்று கட்டுப்பாடு போடுகிறோம் என்று அர்த்தம். முக்கோணத்தின் முனைகள் நகர்வதற்கு இருக்கும் சுதந்திரத்தைவிட இந்தக் கட்டுப்பாடுகள் அதிகமாகிவிட்டால் மெஷ் (அந்த முக்கோணங்களின் வலை) இறுகிப்போகும். உண்மையான மண் உடைந்த பிறகும் கணினி மண் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும், வரைபடத்தில் கோடு ஏறிக்கொண்டே போகும். இது ஆபத்தான பக்கத்துத் தவறு.

இந்த இறுக்கத்தை 1974இல் நாக்டகால், பார்க்ஸ், ரைஸ் என்ற மூவர் சுட்டிக்காட்டியிருந்தார்கள். வட்ட அஸ்திவாரம், பைல் (மண்ணுக்குள் இறக்கும் தூண்) போன்ற அச்சுச் சமச்சீர் உள்ள கணக்குகளில் நிலைமை இன்னும் மோசம். ஸ்லோனும் மார்க் ராண்டால்ஃபும் 1982இல் வெளியிட்ட கட்டுரை, அப்படிப்பட்ட கணக்குக்கு 15 முனைகள் (மூலைகளில் மட்டுமல்ல, பக்கங்களிலும் உள்ளேயும் வைக்கும் கணக்குப் புள்ளிகள்) கொண்ட முக்கோணத்தைப் பயன்படுத்தினால் உடையும் பாரம் சரியாக வரும் என்று காட்டியது. பிளாக்சிஸ் (மண் கணக்குக்கான மென்பொருள்) ஓட்டுபவர்கள் "15 முனையா, 6 முனையா" என்று மென்பொருள் கேட்பதைத் தினமும் பார்க்கிறார்கள். பலரும் நேரம் மிச்சம் என்று 6ஐத் தட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தேர்வு அங்கே ஏன் இருக்கிறது என்பதற்கான காரணம் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. வடிவமைப்புப் பிரிவில் சேரும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேல்வரம்பு, கீழ்வரம்பு என்கிறார்களே, அது என்ன?

ஸ்லோனின் வாழ்நாள் வேலையின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

களிமண்ணில் செங்குத்தாக ஒரு பள்ளம் வெட்டுகிறீர்கள். முட்டுக்கொடுக்காமல் எவ்வளவு ஆழம் வரை நிற்கும்? ட்ரக்கர், பிரேகர், கிரீன்பெர்க் ஆகியோர் 1950களின் தொடக்கத்தில் நிறுவிய இரண்டு தேற்றங்கள் இதற்கு வழி காட்டுகின்றன.

முதலாவது: மண் இப்படி நகர்ந்து சரியும் என்று ஏதோ ஒரு நகர்வை நீங்களே கற்பனை செய்கிறீர்கள். சரியும் மண்ணின் எடை செய்யும் வேலை, வழுக்கும் தளத்தில் மண்ணின் வலிமை விழுங்கும் ஆற்றலை எட்டிவிட்டால், அந்த ஆழத்தில் பள்ளம் நிற்காது. மண் உங்கள் கற்பனையைவிட எளிதான வழியைக் கண்டுபிடிக்கலாமே தவிர, அதைவிடக் கடினமான வழியில் போகாது. ஆகவே கிடைக்கும் எண் உண்மைக்குச் சமமாகவோ மேலேயோ இருக்கும். இது மேல்வரம்பு.

இரண்டாவது: மண்ணுக்குள் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) இப்படிப் பரவியிருக்கிறது என்று ஒன்றை எழுதுகிறீர்கள். அது எல்லா இடத்திலும் சமநிலையில் இருக்கிறது, எங்கேயும் மண்ணின் வலிமையைத் தாண்டவில்லை. அப்படி ஒரே ஒரு பரவல் இருந்தாலே போதும், மண் நிற்கும். உண்மை இதற்குச் சமமாகவோ மேலேயோ இருக்கும், கீழே போகாது. இது கீழ்வரம்பு.

சரி, எண்ணைப் பார்ப்போம். ஆழத்தை மண்ணின் அடர் எடையால் பெருக்கி வலிமையால் வகுத்தால் ஒரு நிலைப்பு எண் வரும். கையால் போடும் மிக எளிய கீழ்வரம்பு 2 என்கிறது. நேர்க்கோட்டில் ஆப்பு மாதிரி சரியும் என்று வைத்த மேல்வரம்பு 4 என்கிறது. வட்ட வழுக்கு 3.83 வரை இறக்குகிறது. வலிமை 20 கிலோபாஸ்கல், எடை கனமீட்டருக்கு 17 கிலோநியூட்டன் என்று எடுத்துக்கொண்டால், 2க்கு 2.35 மீட்டர், 4க்கு 4.71 மீட்டர். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ளே ஆள் இறங்கி வேலை செய்யலாமா கூடாதா என்பதே மாறிவிடுகிறது. கணினிவழி வரம்புகள் வந்த பிறகு அந்த எண் 3.77க்கும் 3.79க்கும் நடுவில் சிக்கிவிட்டது, அதாவது சுமார் 4.44 மீட்டர்.

பாதுகாப்புக் காரணி ஒன்றைச் சொல்லிவிட்டு "என் அனுபவத்தில் சரியாகத்தான் இருக்கும்" என்பது ஒரு வகை. "உண்மை இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான், நான் செய்திருக்கும் தவறு அதிகபட்சம் இவ்வளவு" என்று சொல்வது வேறு வகை. ஸ்லோன் முப்பது ஆண்டுக்கு மேல் இரண்டாவது வகையைச் சாதாரண இன்ஜினியர் கையில் கொடுப்பதற்காக உழைத்தார்.

அதைக் கணினியில் எப்படிச் செய்தார்?

1988இல் கீழ்வரம்புக் கட்டுரை, 1989இல் மேல்வரம்புக் கட்டுரை. கீழ்வரம்பில் மண்ணை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்தின் முனையிலும் தகைவையே தெரியாத எண்ணாக வைக்கிறார். ஒரே இடத்தில் சந்தித்தாலும் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் தனித் தகைவு உண்டு, பக்கத்து முக்கோணங்களின் எல்லையில் சமநிலைக்கு உட்பட்டு தகைவு சட்டென்று தாவலாம். உடையும் நிபந்தனை ஒரு வட்டமாக வருகிறது. அவர் பயன்படுத்திய லீனியர் புரோகிராமிங்குக்கு (நேர்க்கோட்டு நிபந்தனைகளுக்குள் அதிகபட்சத்தைத் தேடும் கணித முறை) வளைவு பிடிக்காது, அதனால் வட்டத்துக்கு உள்ளே ஒரு பலகோணத்தைப் பொருத்துகிறார். உள்ளே பொருத்தினால் வலிமை கொஞ்சம் குறைந்துதான் கணக்கில் வரும், ஆகவே கீழ்வரம்பு கீழ்வரம்பாகவே இருக்கும். மேல்வரம்பில் அதே பலகோணம் வட்டத்துக்கு வெளியே. இத்தனை நிபந்தனைகளுக்கும் உட்பட்டு "தாங்கக்கூடிய அதிகபட்சப் பாரம் எவ்வளவு" என்று கணினியிடம் கேட்கிறார். உடையும் வடிவத்தை யாரும் ஊகிக்கத் தேவையில்லை, விடையிலேயே அது வந்துவிடும்.

இதற்கு முன்னால் யாரும் இதைச் செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். லிஸ்மர் 1970இல் கீழ்வரம்புக்கும் லீனியர் புரோகிராமிங்குக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார், 1980இல் பொட்டெரோவும் கூட்டாளிகளும் மேலே எடுத்துப் போனார்கள். ஆனால் நிபந்தனைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகும், அன்றைய கணினியும் அன்றைய தீர்வுமுறையும் அதை விழுங்கத் திணறின. அந்த நிபந்தனை அணியில் பெரும்பாலும் பூஜ்யம்தான் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, அதற்கேற்ற தீர்வுமுறையை எடுத்து, மேஜைக் கணினியிலேயே ஓடும்படி செய்தது ஸ்லோன். ஓர் ஆய்வுப் பொருளை வேலைக்கு ஆகும் கருவியாக மாற்றுவது முதலில் யோசிப்பதைவிடக் குறைந்த வேலை என்று நான் நினைக்கவில்லை.

அவர் பெயர் கணினிக்காரர்கள் நடுவிலும் அடிபடுகிறதே, எப்படி?

தனக்குத் தேவையான கருவி இல்லையென்றால் தானே செய்துகொள்கிற பழக்கம் அவருக்கு. ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் முனைகளுக்கு எந்த வரிசையில் எண் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நினைவகமும் நேரமும் செலவாகும். வீட்டு எண்கள் தெருவரிசையில் இல்லாமல் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தால் தபால்காரர் எத்தனை முறை குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும், அதே நிலைதான் அணியைத் தீர்க்கும் கணினிக்கும். 1986இல் அவர் எழுதிய மறுவரிசை அல்காரிதம் சி பிளஸ் பிளஸ் நிரலாளர்கள் பயன்படுத்தும் பூஸ்ட் நூலகத்தில் ஸ்லோன் வரிசை என்ற பெயரிலேயே இருக்கிறது. 1987இல் டெலோனே முக்கோணங்களை (புள்ளிகளை முடிந்தவரை ஒல்லியாகாதபடி இணைக்கும் முக்கோணங்கள்) வேகமாக உருவாக்கும் அல்காரிதம், 1993இல் எல்லைக்கோடுகளை மதித்து முக்கோணம் போடும் அடுத்த வடிவம். வரைகலை, விளையாட்டு நிரல் எழுதுகிறவர்கள்கூட இதை எடுத்துக்கொள்கிறார்கள், பலருக்கும் அவர் அஸ்திவாரம் கணக்கிடுபவர் என்பதே தெரியாது.

கட்டுரையோடு ஃபோர்ட்ரான் நிரலையும் அச்சிட்டுக் கொடுத்தார் என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படித்துவிட்டு அப்படியே தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கலாம். முடிவை மட்டும் வண்ணப் படமாகக் காட்டிவிட்டு நிரலைப் பூட்டிவைக்கும் கட்டுரைகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வரம்புப் பகுப்பாய்வு தவிர வேறு என்ன செய்தார்?

நிறைய, அதில் பாதி வெளியே தெரியாத வேலை. மண்ணின் மேல் திரிபு (வடிவ மாற்றத்தின் அளவு) ஏறும்போது தகைவு எப்படி மாறுகிறது என்று கணக்கிடுவதில், ஒரு படியைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, பிழை எவ்வளவு என்று கணினியே பார்த்துப் படியின் அளவை மாற்றிக்கொள்ளும் முறையை 1987இல் கொடுத்தார். மண் உடையும் நிபந்தனையைச் சொல்லும் மோர்-கூலோம் வடிவத்தில் கூர்மையான மூலைகள் உண்டு, அந்த மூலைகளில் நிரல் தடுக்கி விழும். ஜான் புக்கரோடும் அப்புறம் ஆண்ட்ரூ அப்போவோடும் சேர்ந்து அந்த மூலைகளை மழுக்கினார், அப்போவோடு எழுதிய 1995 கட்டுரையைச் சொந்தமாக மண்ணின் கணித மாதிரி எழுதுகிற ஆய்வாளர்கள் இன்றும் தேடிப்போகிறார்கள்.

பலகோணத்தை வைத்தே கடைசிவரை ஓட்டினாரா?

இல்லை. பலகோணத்தின் பக்கங்கள் கூடக்கூட நிபந்தனைகளும் கூடும், மூன்று பரிமாணத்துக்குப் போனால் அது சரிப்பட்டு வராது. சக ஆய்வாளர் லியாமினோடு சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரைகளில் வட்டத்தை வட்டமாகவே வைத்து நேரியல் அல்லாத முறையில் தீர்த்தார்கள். மெஷ் எவ்வளவு பெரிதானாலும் கணக்கீட்டுச் சுற்றுகளின் எண்ணிக்கை அதிகம் கூடவில்லை என்பதுதான் அதன் பலம். அவர் குழுவில் இருந்த கிராபென்ஹாஃப்ட் அதற்குப் பிறகு இதை இன்னும் நவீன ஆப்டிமைசேஷன் முறைகளுக்குக் கொண்டுபோனார், இன்று ஆபீஸ்களில் ஓடும் ஆப்டம் ஜி2 மென்பொருளின் வேர் இந்த நியூகாசில் வேலையில்தான் இருக்கிறது.

இந்த முறைக்குக் குறையே இல்லையா?

இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் அவருக்கே மரியாதை இல்லை. வரம்புப் பகுப்பாய்வு உடையும் பாரத்தைச் சொல்லும், அதற்குமுன் எவ்வளவு அமிழும் என்று சொல்லாது. பக்கத்துக் கட்டடத்துக்கு விரிசல் வருமா என்பது உங்கள் கேள்வி என்றால் இது உதவாது, இடப்பெயர்ச்சி கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட்தான் வேண்டும். இன்னொன்று, மண் வழுக்கும்போது உராய்வுக் கோணத்துக்கு ஈடாக விரியும் என்று இந்தத் தேற்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. உண்மையான மணல் அவ்வளவு விரியாது. களிமண்ணில் வேகமான பாரத்துக்கு இது பிரச்சினையே இல்லை, அடர்ந்த மணலில் கவனம் தேவை. வலிமை உச்சத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இறங்கும் மண்ணிலும் அப்படியே.

ரேங்கின் உரை என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது பெரிய விஷயமா?

ஜியோடெக்னிக்கல் துறையில் அதைவிடப் பெரிய மேடை அதிகம் இல்லை. 1961இல் ஆர்தர் காசாகிராண்டே தொடங்கி வைத்தது, ஆண்டுக்கு ஒருவர், லண்டனில். ஆஸ்திரேலியாவிலிருந்து ஹாரி பூலோஸ் 1989இல் பேசினார், இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறிய ராண்டால்ஃப் 2003இல் பேசினார், ஸ்லோன் 2011இல் 51ஆவது உரையை ஆற்றினார். பொருள், நிலைத்தன்மைப் பகுப்பாய்வு. 2013இல் ஜியோடெக்னிக் இதழில் அச்சானது. வட்ட வழுக்கு முறை, இடப்பெயர்ச்சி முறை, வரம்பு முறை மூன்றையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றும் எங்கே நிற்கும், எங்கே விழும் என்று காட்டுகிறது. நிலத்தடி நீரழுத்தத்தையும் விடவில்லை. அவருடைய ஒரே ஒரு எழுத்தைத்தான் படிப்பேன் என்று சொன்னால், இதைப் படியுங்கள்.

விருதுகள்?

லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் (2015), ஆஸ்திரேலிய அறிவியல் அகாடமி உறுப்பினர், நியூ சவுத் வேல்ஸின் ஆண்டின் விஞ்ஞானி (2015). கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஜியோடெக்னிக்ஸ் இதழின் ஆசிரியர்களில் ஒருவர். போதும்.

கணினியை விட்டு மண்ணைத் தொட்டாரா?

தொட்டார், அதுவும் பெரிய அளவில். 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்தின் நிதியில் ஜியோடெக்னிக்கல் சிறப்பு மையம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கியது. நியூகாசிலோடு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம், வுல்லாங்காங் பல்கலைக்கழகம் இரண்டும் கூட்டு, வுல்லாங்காங் பக்கம் இலங்கையில் பிறந்த புத்திம இந்திரரத்ன. சிட்னியையும் பிரிஸ்பேனையும் இணைக்கும் பசிபிக் நெடுஞ்சாலை வடகடற்கரையில் மென்மையான களிமண்ணின் மேல் போகிறது. அங்கே பல்லினா என்ற ஊரில் ஒரு சோதனைக் களம் அமைத்து, சுமார் 3 மீட்டர் உயரத்துக்கு மண் கரை கட்டி, உள்ளே கருவிகளைப் புதைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மண்ணின் சோதனைத் தரவுகளை எல்லோருக்கும் கொடுத்து, கரை எவ்வளவு அமிழும், அஸ்திவாரம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே கணித்து அனுப்பச் சொன்னார்கள், 2016இல் எல்லாவற்றையும் அளவீட்டோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே தரவை வைத்துக்கொண்டு வந்த கணிப்புகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகிக் கிடந்தன. வாழ்நாள் முழுவதும் கணக்கின் துல்லியத்துக்காக உழைத்த ஒருவரின் மையம், மண்ணின் அளவுருக்களை எடுப்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது என்பதைப் பொதுவில் காட்டியது. மாதிரி எடுக்கும்போதே களிமண் கலைந்துவிட்டால் எந்த முக்கோணமும் அதைச் சரிசெய்யாது.

நான் தினமும் மென்பொருள் ஓட்டும் இன்ஜினியர். இதெல்லாம் எனக்கு எதற்கு?

மெஷ்ஷை ஒருமுறைகூட அடர்த்தியாக்கிப் பார்க்காமல், முதல் ஓட்டத்தில் வந்த பாதுகாப்புக் காரணியை இரண்டு தசமத்தோடு அறிக்கையில் போட்டு அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண் உண்மைக்கு மேலேயா கீழேயா என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. வரம்பு ஓட்டும் மென்பொருள் கையில் இருந்தால் மேலும் கீழும் ஓட்டி, இரண்டையும் அறிக்கையில் போடுங்கள். இல்லையென்றால் குறைந்தது மெஷ்ஷை இரண்டு மடங்கு அடர்த்தியாக்கி எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

இந்தத் துறைக்குள் வர வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

பிரான்டல் கணக்கில் தொடங்குங்கள். எடையில்லாத களிமண்ணின் மேல் நீளமான பட்டை அஸ்திவாரம், தாங்கும் அழுத்தம் வலிமையைப் போல் 5.14 மடங்கு. வலிமை 20 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 103. விடை துல்லியமாகத் தெரிந்த கணக்கு என்பதால் உங்கள் நிரல் எவ்வளவு பொய் சொல்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். முதலில் 3 முனை முக்கோணத்தில் ஓட்டுங்கள், கோடு 103ஐத் தாண்டி ஏறுவதைப் பாருங்கள். அப்புறம் 6 முனை, அப்புறம் 15. பிறகு பட்டையை வட்டமாக்கி அதையே செய்யுங்கள். பைதானில் இலவசமாகக் கிடைக்கும் லீனியர் புரோகிராமிங் தீர்ப்பான் ஒன்றை எடுத்துக்கொண்டு 1988 கட்டுரையின் கீழ்வரம்பை நீங்களே எழுதிப் பார்க்கலாம், கல்லூரி அளவு அணிக் கணிதமும் கொஞ்சம் பொறுமையும் போதும். முக்கோணம் போட வேறு எதையும் தேட வேண்டாம், 1987 கட்டுரையில் நிரலோடு இருக்கிறது.